குழந்தைகள் ஏன் காய்கறி தின்பதில்லை?



கடவுளையும் ஜாதியையும் பற்றிப் பேச வேண்டியவர்கள் அரசாணிக்காயையும் பாகற்காயையும் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் நகைக்கலாம். நகைப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு "வேண்டாம்" என்கிறதே, அந்த "வேண்டாம்" எங்கிருந்து வந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள். நமது வழக்கமும் மூடநம்பிக்கையும் அதற்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருப்பது விளங்கும்.

"எங்கள் பையனுக்கு அரிசிம்பருப்பு சாதம் தவிர வேறொன்றும் இறங்காதுங்க, அவன் பிறவியே அப்படி" என்று கொங்குநாட்டுத் தாய்மார்கள் சொல்லக் கேட்கிறோம். பிறவி என்றும் தலையெழுத்து என்றும் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாருக்கும் வேலையில்லையல்லவா? கசப்பைக் கண்டு குழந்தை முகம் சுளிப்பது இயற்கைதான். விஷச் செடிகள் பல கசப்பாயிருப்பதால் அந்தச் சுளிப்பு ஆதி மனிதனைக் காப்பாற்றியது. ஆனால் அது மாறாத குணமல்ல. புதுக் காயொன்றைப் பத்துப் பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் அளவே, கோபமில்லாமல் வைத்து வந்தால் பெரும்பாலான குழந்தைகள் பழகிக் கொள்ளுகின்றன. நாமோ இரண்டாம் தடவையே கைவிட்டுவிட்டுப் பிறவியின்மேல் பழி போடுகிறோம்.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் வைத்திய அம்மையார், பால்குடி மறந்த குழந்தைகளின் முன் பலவகைக் காய்களையும் மற்ற உணவுகளையும் வைத்து, பெரியவர்கள் ஜாடைகூடக் காட்டாமல் பார்த்து, 1928-இல் முடிவை வெளியிட்டார். குழந்தைகள் எல்லாவற்றையும் எடுத்து ருசி பார்த்தன. "இது நமக்காகாது" என்று சொல்லிக் கொடுக்க அங்கு யாருமில்லை!

இங்கே சொல்லிக் கொடுப்பவர்களுக்கா பஞ்சம்? முருங்கை மரத்தில் வேதாளம் குடியிருக்கிறது என்று கதை சொல்லி வளர்த்த குழந்தைக்கு முருங்கைக்கீரையை ஊட்டப் போனால் அது எப்படி வாய் திறக்கும்? வெண்பூசணியில் குங்குமத்தைக் கொட்டி, ஆயுத பூஜையன்று மில் வாசலிலும் கடை வாசலிலும் போட்டு உடைக்கிறோம். தின்ன வேண்டிய காய் திருஷ்டிக் காயாகி, மறுநாள் சைக்கிளில் போகிறவன் காலையும் உடைக்கிறது. பிறகு அதே பூசணியைக் கூட்டு வைத்து, "சாப்பிடு கண்ணு" என்றால், "இது பேய்க்குப் போடுவதல்லவா?" என்று குழந்தை கேட்பதில் என்ன குற்றம்?

வைதீகர் வீட்டுத் திதிச் சமையலில் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் கூடாதாம். இம்மூன்றும் 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கா போனதற்குப் பின்னர்தான் இந்நாட்டுக்கு வந்தவை. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட ஏற்பாடு செய்தார். அந்தச் சீமைக் காய்கள்தான் இன்று மேட்டுப்பாளையம் வழியாக நம் வீடுகளுக்கு வருகின்றன. நேற்றுப் புதியதாயிருந்தது இன்று வழக்கமாகிவிட்டது. பாட்டன் காணாததைப் பேரன் தின்றான். ஒரு கேடும் வந்துவிடவில்லை.

தோழர்களே, இது வெறும் நாக்கு விவகாரமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. திருச்சி ஜில்லாவில் வாரந்தோறும் சிறு அளவு 'ஏ' வைட்டமினை மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததில், குழந்தைச் சாவு பாதிக்குமேல் குறைந்ததாக 1990-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மாலைக்கண்ணைத் தடுக்கும் அந்தச் சத்தை உடம்பு உண்டாக்கிக் கொள்ளுவதற்கு வேண்டிய பொருள் கீரையிலும் அரசாணிக்காயிலும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு விபூதி போடவும் தாயத்துக் கட்டவும் ஓடுவது அறிவுடைமையாகுமா?

ஆகவே செய்ய வேண்டியதென்ன? அடிக்க வேண்டாம், பூச்சாண்டி காட்ட வேண்டாம். "கீரை தின்றால் மிட்டாய் தருகிறேன்" என்று லஞ்சமும் கொடுக்க வேண்டாம். கூலி கொடுத்துத் தின்ன வைக்கும் பொருள் கெட்ட பொருளாகத்தானிருக்கும் என்று குழந்தை தீர்மானித்துவிடும். தகப்பனார் பொரியலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மகனுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. முதலில் அவர் தின்று காட்டட்டும். குழந்தையைச் சந்தைக்கு அழைத்துப் போய்க் காயைப் பொறுக்கச் சொல்லுங்கள். கொல்லையில் நாலு கீரை விதை போடச் சொல்லுங்கள். தன் கையால் பறித்ததைத் தின்னாத குழந்தை அபூர்வம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, குழந்தைகள் சேர்ந்து உண்பது. ஒரு காயை வெறுத்த குழந்தையை, அதை விரும்பித் தின்னும் குழந்தைகளோடு சில நாள் உட்கார வைத்தால், அதுவும் அதையே எடுத்துத் தின்ன ஆரம்பிக்கிறது என்று லீயன் பிர்ச் என்னும் அம்மையார் 1980-இல் காட்டினார். சென்னை நகரசபையில் தியாகராயர் காலத்தில் 1920-இல் தொடங்கிய பள்ளிச் சாப்பாடு, 1956-இல் காமராஜர் காலத்திலும் 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் விரிந்து, 2022 முதல் காலைச் சிற்றுண்டியாகவும் நடக்கிறது. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நாக்குக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் 2018-இல் நம் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சில பெற்றோர்கள் கிளம்பினார்கள்; அவரை இடமாற்றம் செய்தார்கள்; எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவர் திரும்பி வந்து சமைக்க முடிந்தது. அந்தப் பிள்ளைகள் அன்று கற்றுக் கொண்ட "வேண்டாம்" காயைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா? பாகற்காய்க் கசப்பு பத்து நாளில் பழகிப் போகும். ஜாதிக் கசப்பைச் சின்ன வயதில் ஊட்டிவிட்டால் ஆயுள் முழுதும் போகாது.

எனவே தாய்மார்களே! உங்கள் குழந்தைக்குப் புதுக் காயைக் கொடுங்கள். எவர் சமைத்ததானாலும் எல்லோர் பக்கத்திலும் உட்கார்ந்து உண்ணப் பழக்குங்கள். ருசி பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லட்டும். அது அதன் உரிமை. ருசி பாராமலே வேண்டாமென்று சொல்ல மட்டும் கற்றுக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக் கொண்டு, நமது பேச்சை இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.