அமெரிக்க ஆட்சிமுறையும் நம் அயல்மாநில வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் ரெயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அல்லோம். அமெரிக்க அரசாட்சியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று சிலர் வினவலாம். ஞாயிறுதோறும் பாளையத்திலுள்ள மாநில மத்திய நூலகத்தில் அமர்ந்து படிக்கும் பழக்கம் ஒன்றே தகுதி. 1829-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நூலகம், பட்டம் பெறாதவரை வாசலில் நிறுத்துவதில்லை.

வி. ஓ. கீ என்னும் அமெரிக்க அறிஞர், தம் நாட்டுத் தென்மாநிலங்களின் அரசியலை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1949-இல் நூல் வெளியிட்டார். ஒரே கட்சியின் ஆதிக்கத்தில் இருந்த மாநிலங்களும் உள்ளே வெவ்வேறு விதமாக இயங்கியதை அவர் எடுத்துக்காட்டினார். 1968-இல் மைரன் வீனர் பதிப்பித்த நூலொன்று, இந்திய மாநிலங்களின் அரசியலை அவ்வாறே தனித்தனியே நோக்கியது. தலைநகரை மட்டும் பார்ப்பவன் நாட்டை அறிய மாட்டான். மாநிலத்தையும் பார்க்க வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சிகளின் பயன்.

அமெரிக்க ஆட்சிமுறை நம் திருவனந்தபுரத்துக்குப் புதிய பேச்சன்று. 1946-ஆம் ஆண்டில், திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில், திருவிதாங்கூருக்கு ஓர் அரசியல் சீர்திருத்தத் திட்டம் முன்வைக்கப்பட்டது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு, சட்டசபையும் உண்டு, ஆனால் அச்சபை திவானைப் பதவியிலிருந்து நீக்க இயலாது. இதனை ‘அமெரிக்க மாதிரி’ என்றனர். மக்களோ அம்மாதிரியை அரபிக்கடலில் எறிவோம் என்று முழங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் நிகழ்ந்த தொழிலாளர் கிளர்ச்சியில் உயிர் நீத்தோர் பலர்.

அத்திட்டத்தில் பிழை எங்கே? அமெரிக்க ஜனாதிபதியையும் அந்நாட்டுக் காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியாது என்பது மெய்யே. 1868, 1998, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் ஜனாதிபதிகள் மீது கீழ்ச்சபை குற்றம் சாட்டியபோதும், செனட் சபை எவரையும் நீக்கவில்லை. எனினும் அவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் முன் நின்று, மக்கள் தெரிந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் வாயிலாகவே பதவி பெறுகின்றார். திவானோ மகாராஜாவால் நியமிக்கப்பட்டவர். அமெரிக்காவின் பூட்டை மட்டும் கொண்டுவந்து, சாவியை அங்கேயே விட்டுவிட்ட கதை இது. 1947 ஆகஸ்டில் திவான் பதவி விட்டுச் சென்றார். 1948-இல் மக்கள் வாக்கால் அமைந்த சபையின் ஆதரவோடு பட்டம் தாணுப் பிள்ளை முதல் அமைச்சரவையை அமைத்தார்.

அடுத்து, நம் குடும்பங்களை நேரே தொட்ட ஒன்றைச் சொல்வோம். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்து வேறு மாநிலம் அமைக்க வேண்டுமாயின், அம்மாநிலச் சட்டசபையின் சம்மதம் வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலம் சம்மதித்த பின்னரே 1820-இல் மெயின் தனி மாநிலமாயிற்று. நம் அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவோ அவ்வாறு கூறவில்லை. மாநிலச் சபையின் கருத்தைக் கேட்டால் போதும், முடிவு பாராளுமன்றத்தினுடையது. 2014-இல் ஆந்திரச் சபை மறுத்தும் தெலுங்கானா பிறந்தது இதனாலேயே.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததை நாம் அறிவோம். அதற்காக மார்ஷல் நேசமணி முதலியோர் பாடுபட்டனர். 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமெரிக்க விதி இங்கே இருந்திருப்பின், திருவனந்தபுரத்துச் சபையின் சம்மதமின்றி அவ்விணைப்பு நடந்திராது. இணைப்புச் சட்டம் நிறைவேறிய வேளையிலோ திருவிதாங்கூர்-கொச்சி ஜனாதிபதி ஆட்சியின் கீழ் இருந்தது. வலிய மத்திய அரசினால் நன்மை பெற்றவர்களுள் தமிழரும் உண்டு என்பதை மறத்தலாகாது.

எல்லைக்கு அப்பால் சென்றவர்க்கு அது வழியாயிற்று. பாறசாலைக்கு இப்பால் வாழும் நமக்கு வழி என்ன? அதே நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஏழாவது திருத்தம், அரசியல் சட்டத்தில் 350-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையோரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சி மன்றமும் முயல வேண்டும் என்பது அதன் பொருள்.

இதனோடு அமெரிக்க வழக்கொன்றை ஒப்பிடுவோம். முதல் உலகப் போர் முடிந்த சூட்டில், 1919-இல் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைகளுக்கு ஆங்கிலமல்லாத பிறமொழி கற்பிக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழி கற்பித்தமைக்காக இராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளி, அவரை விடுவித்தது. அங்கே நீதிமன்றம் தடையை நீக்கியது. ஆசிரியரை நியமிக்குமாறு சொல்லவில்லை. இங்கே அரசுக்கே கடமை விதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது ‘முயல வேண்டும்’ என்னும் அளவில் நிற்கின்றது. முயலச் செய்ய வேண்டியவர் நாமே.

இதில் நமது சொந்தப் பிழையையும் ஒளிக்காமல் கூறுகின்றோம். நம் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அவள் படித்த பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாமற் போயிற்று. நமக்குச் சம்பளம் மத்திய அரசிலிருந்து வருவதால், நம் குறைகளெல்லாம் டில்லியில் தீரும் என்று எண்ணி, அங்கே மனு எழுதினோம். பல மாதங்கள் கழித்து, மாநிலக் கல்வித் துறையை அணுகுக என்று பதில் வந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்கு வந்ததாயினும், பள்ளிக்கு ஆசிரியர் தருவது மாநில அரசின் வேலை என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. அதற்குள் அப்பிரிவில் இருந்த ஏழு பிள்ளைகள் மூவராயினர். நம் மகளையும் வேறு பள்ளியில் சேர்த்தோம். இன்று ஊரிலிருந்து அவள் பாட்டி எழுதும் கடிதத்தை நாமே படித்துக் காட்டுகின்றோம். அவள் தலையசைத்துக் கேட்கின்றாள், எழுத்தை அறியாள்.

1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவு வகுத்தது: பள்ளி முழுவதும் நாற்பது பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ இருப்பின், தாய்மொழி ஆசிரியர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது. பத்துப் பேர்! நம் காலனியில் இல்லையா? பதின்மரைச் சேர்க்காமல் அரசாங்கத்தைக் குறை கூறுதல் முறையாகுமா? நம் அண்டை வீட்டு மலையாள அன்பர்களும் வெளிமாநிலங்களில் தம் பிள்ளைகளுக்காக இதே கவலை கொண்டவர்களே. அவர்களோடு பகையின்றி, சட்டம் தந்ததைக் கேட்டுப் பெறுதல் நம் கடமை.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டுக்கு முன்னர், தொடக்கப் பள்ளி வயதுள்ள நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்போம். பெற்றோர் கையொப்பத்துடன் தலைமை ஆசிரியரிடமும், கல்வி அதிகாரியிடமும், நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேரிற் கொடுப்போம். அங்கே பயனில்லையேல், அதே திருத்தத்தால் 350-பி பிரிவின்கீழ் அமைந்த மொழிச் சிறுபான்மையோர் ஆணையருக்கு எழுதுவோம். பட்டியலை எழுதும் வேலையை நாமே ஏற்கின்றோம்; அது நமக்குப் பழகிய தொழில்.