கருங்கல்லின் காலமும் கடலின் சாட்சியும்



நாம் கூடியிருக்கும் புனே நகரம் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டின் மேல் நிற்கிறது. பர்வதி குன்று அந்தக் கல்தான். சிவாஜிநகரில் பாதாளேசுவரர் குடைவரையைக் குடைந்ததும் அதே கல்லில்தான். அதற்குள் ஒரு சிப்பியைக்கூடக் காண முடியாது. புவியின் காலத்தைப் பிரிக்க நமக்குக் கிடைத்த முதல் கருவி புதைபடிவம். அது இல்லாத பாறையை எந்தக் காலத்தில் சேர்ப்பது என்ற கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எரிமலை ஓய்ந்திருந்த இடைவெளிகளில் ஏரிகள் தோன்றின. அவற்றின் படிவுகள் பசால்ட்டு அடுக்குகளுக்கு இடையே சிக்கிக்கொண்டன. நாக்பூர், சிந்த்வாடா பக்கத்துப் படிவுகளில் கிடைத்த தாவரங்களை ஆராய்ந்த பீர்பல் சாஹ்னி, இவை கிரெட்டேசியஸ் காலத்துக்குப் பிற்பட்டவை என்று 1930களில் வாதிட்டார். மறுத்தவர்களும் உண்டு. சாஹ்னியின் ஆய்வு கூர்மையானது. சிக்கல் சான்றின் இயல்பில் இருந்தது. ஏரியும் காடும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். உலகெங்கும் ஒரே கோடு இழுக்க, கடலில் மிதந்து எங்கும் பரவி, விரைவாக இனம் மாறிய உயிர்கள் வேண்டும்.

அந்தச் சாட்சி கிழக்குக் கரையில், ராஜமுந்திரியில் கிடைத்தது. அங்குள்ள பசால்ட்டு வேதியியலில் நம் மகாபலேசுவர் பக்கத்துப் பாறைகளை ஒத்தது. மேற்கிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடிச் சென்ற குழம்பு என்று கருதப்படுகிறது. அது கடலோரத்தைத் தொட்டதால், இரு பாய்வுகளுக்கு இடையே கடற்படிவு சேர்ந்தது. கெர்ட்டா கெல்லர் குழுவினர் 2008இல் அந்தப் படிவில், டைனோசர்கள் மறைந்த பின் முதலில் தோன்றிய ஃபோராமினிஃபெரா இனங்களைக் காட்டினார்கள். மணல் அளவே உள்ள ஒருசெல் உயிரின் ஓடு, சகியாத்ரி மலைக்குக் காலம் சொன்னது! இத்துறையில் எனக்கு இதைவிட வியப்பான முடிவு வேறில்லை.

டைனோசர்களோடு கிரெட்டேசியஸ் காலம் முடிந்து பேலியோஜீன் காலம் தொடங்கும் எல்லையை துனிசியாவின் எல் கெஃப் பகுதியில், இரிடியம் என்ற உலோகம் மிகுந்த களிமண் அடுக்கின் அடியில் குறித்து, 1991இல் ஏற்றுக்கொண்டார்கள். இரிடியம் சிக்காத இடங்களில் அதே மட்டத்தைத் தேட ஃபோராமினிஃபெரா ஓடுகளே துணை. 6.6 கோடி ஆண்டு என்ற எண் கதிரியக்கக் கணிப்பால் வந்தது. அந்த எண் நாளை சற்றுத் திருத்தப்படலாம். பாறையில் குறித்த புள்ளி அங்கேயே இருக்கும். மாணவர்கள் எண்ணை மனப்பாடம் செய்து புள்ளியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் கவலை.

இனி, அதே எல்லையைத் தேடி நம் தமிழ்நாட்டு அரியலூருக்கு வருவோம். புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் அங்குள்ள அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்தார். புதைபடிவ அறிஞர் ஸ்டோலிச்கா அவற்றின் உயிர்களைப் பெருந்தொகுதிகளாக விவரித்தார். மேலே உள்ள நின்னியூர் அடுக்கில், கிரெட்டேசியஸ் காலத்தோடு மறைந்த அம்மோனைட்டு என்ற கடல் உயிர்கள் இல்லை. டென்மார்க்கில் முதலில் அறியப்பட்ட நாட்டிலஸ் வகை ஒன்று அங்கே இருக்கிறது. அரியலூர் அடுக்குக்கும் நின்னியூர் அடுக்குக்கும் நடுவே டைனோசர் எலும்புள்ள கல்லமேடு மணற்பாறை கிடக்கிறது. கடல் விலகிய அந்த இடைவெளியில் எல்லையைத் துல்லியமாகக் குறிக்க வழியில்லை. எல்லை எங்கே இல்லை என்று காட்டும் பாறையும் ஆவணம்தான்.

அந்த ஆவணம் சிமெண்ட் ஆகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் வெட்டிய சுவர்களில்தான் பல அடுக்குகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதை மறுக்கவில்லை. அடுத்த வெட்டில் அதே சுவர் போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு புதிய சுவரையும் வெட்டும் முன் அளந்து, மாதிரி எடுத்து, படம் பிடித்து, அருங்காட்சியகத்தில் சேர்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். கல்லூரி மாணவர்களே இதைச் செய்யலாம். இக்கருத்தரங்கின் முடிவில் அதற்கான வரைவுத் தீர்மானம் ஒன்றை நாம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.