ஜெயன்ட் வீலுக்கு ஒரு மணி நேரம் லைன்ல நிக்கலாமா?

இந்த வாரம் வேற ஒரு டாபிக்தான் பேசறதா இருந்தேன். ஆனா ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, அதுலயே மாட்டிக்கிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருத்தர், இப்போ சென்னையில வேலை. அவர் கேட்டது இதுதான்: "ப்ரோ, ஆடிப்பூரத்துக்கு ஊருக்கு வர்றேன். ராட்டினத்துக்கு எப்பவும் ஒரு மணி நேரம் லைன் நிக்குது. சுத்துறது மூணு நிமிஷம். இது வொர்த்தா, இல்ல பால்கோவா வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாமா?"

பால்கோவாவுக்கும் லைன் இருக்கு ப்ரோ, அதை மறந்துட்டீங்க.

என் பதில் "வொர்த்"தான். ஆனா அதுக்கு நான் சொல்ற காரணம் நீங்க எதிர்பார்க்கிற காரணம் இல்லை. சின்ன வயசு ஞாபகம், ஊர் மண்வாசனை எல்லாம் இன்னைக்கு வேண்டாம். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல்ல எந்த ராட்டினம்னு தெளிவு பண்ணிடறேன். திருவிழாவுல குடை ராட்டினம் இருக்கும், அது குழந்தைங்களுக்கு. கொலம்பஸ் இருக்கும், அந்தக் கப்பல் மாதிரி ஆடுறது. பெரிய பொருட்காட்சின்னா டோரா டோரா, பிரேக் டான்ஸ், மரணக் கிணறு எல்லாம் வரும். நான் பேசறது எல்லாத்துக்கும் மேல தலை தூக்கி நிக்கிற ஜெயன்ட் வீல் பத்தி. எங்க ராஜபாளையம் பக்கம் பெரியவங்க இன்னும் 'பெரிய ராட்டினம்'னுதான் சொல்லுவாங்க.

சரி, கணக்கு. நம்ம ஊருக்கு வர்ற மாதிரி ஒரு வீல் எடுத்துக்கோங்க. 16 பெட்டி, பெட்டிக்கு 4 பேர், மொத்தம் 64 பேர். ஒவ்வொரு பெட்டியையும் கீழ நிறுத்தி, உள்ள இருக்கறவங்களை இறக்கி, புது ஆளை ஏத்தி, கம்பியைப் பூட்டணும். ஃபோன்ல டைமர் வச்சுப் பார்த்தேன், சுமார் 40 செகண்ட் ஆகுது. 16 பெட்டிக்கும் சேர்த்து 10 நிமிஷம் 40 செகண்ட். அதுக்கப்புறம் ஃபுல் ஸ்பீடுல சுத்துறது 3 நிமிஷம். ஆக ஒரு ரவுண்டு முடிய கிட்டத்தட்ட 14 நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு நாலரை பேர் ஏறுறாங்க. உங்களுக்கு முன்னாடி 250 பேர் நின்னா 55 நிமிஷம் காத்திருக்கணும்.

நம்ம சர்வர் லோடுக்குப் போடற அதே கணக்குதான் இது. லிட்டில்ஸ் லா. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961-ல நிரூபிச்சது. வரிசையில எத்தனை பேர், எவ்வளவு வேகமா நகருதுன்னு தெரிஞ்சா போதும், காத்திருக்கிற நேரம் வந்துடும். ராட்டினம் நல்லா இருக்கா, மொக்கையாங்கிறது இந்தச் சமன்பாட்டுல எங்கயுமே இல்லை. நீண்ட லைனைப் பார்த்து "சூப்பரா இருக்கும் போல"ன்னு நினைக்காதீங்க. சில நேரம் ஆள் ஏத்துறது மெதுவா நடக்குது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். டிஸ்னிலேண்ட்ல பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்னு ஒரு ரைட் இருக்கு. 1955-ல பார்க் திறந்தப்பவே இருந்தது. ஓடறது மூணு நிமிஷத்துக்கும் கம்மி. இன்னைக்கும் அங்க நீண்ட லைன் உள்ள ரைடுகள்ல அதுவும் ஒண்ணு. பழைய பாசம் ஒரு காரணம்னா, சின்னச் சின்னப் படகுல ரெண்டு மூணு பேரா ஏத்தி அனுப்புறது இன்னொரு காரணம்.

இன்னொரு விஷயம் கவனிச்சேன். 4 பேர் உக்கார்ற பெட்டியில 3 பேர் கொண்ட குடும்பம் ஏறி, "வேற ஆள் வேண்டாம்ணே"ன்னு சொல்லிடும். எல்லாப் பெட்டியிலயும் 3 பேர்னா அதே 250 பேருக்கு 55 நிமிஷம் 73 நிமிஷமா ஆயிடும். அதனாலதான் ராட்டினக்கார அண்ணன் "தனியா யாரு, தனியா யாரு"ன்னு கத்திக்கிட்டே இருப்பார். தனியா போனீங்கன்னா கையைத் தூக்குங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். மூணு நிமிஷம் சுத்துறதுக்காக 55 நிமிஷமான்னு கேட்டீங்க இல்லையா? நீங்க மேல இருக்கிறது மூணு நிமிஷம் கிடையாது. ஏறின வரிசையிலதான் இறக்குவாங்க. அப்போ முதல்ல ஏறினவரும் சரி, கடைசியா ஏறினவரும் சரி, உள்ள இருக்கிறது ஒரு முழு ரவுண்டு, 14 நிமிஷம். அதுல 11 நிமிஷம் கொஞ்சம் நகர்ந்து நிக்கறது, கொஞ்சம் நகர்ந்து நிக்கறதுதான். அந்த நிக்கறதுல ஒண்ணு உச்சியில வரும். 40 செகண்ட். கீழ யாரோ ஒரு அக்கா சேலையைச் சுருட்டிப் பிடிச்சு, கைக்குழந்தையை மாத்தி வாங்கி ஏறிக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரம்தான் உங்களுக்கு மேல கிடைக்கிற நேரம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்த 40 செகண்ட்ல என்ன தெரியும்? ஒரு பக்கம் கோவில் ராஜகோபுரம், 11 நிலை, 190 அடிக்கு மேல. அரசு முத்திரையில இருக்கிறது எங்க கோபுரம்தான்னு நாம எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியற அதே கோபுரம். கீழ இருந்து கழுத்து வலிக்கப் பார்த்ததை, கொஞ்சம் உயரத்துல இருந்து நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி இருக்கும். திரும்பினா மேற்குத் தொடர்ச்சி மலை, ராஜபாளையம் வரைக்கும் ஒரே கோடா. 2021-ல புலிகள் காப்பகமா அறிவிச்ச மலை அது. பஸ்ல போகும்போது ஜன்னல் வழியா துண்டு துண்டாத்தான் பார்த்திருப்போம்.

லைன் எதனால நீளுதோ, அதனாலதான் உச்சியில நேரமும் கிடைக்குது. அந்த அண்ணன் ஒரு பெட்டிக்கு 20 செகண்ட்ல ஆளை மாத்தினார்னு வைங்க. உங்க 55 நிமிஷ லைன் 33 நிமிஷமாக் குறையும். உச்சியில 40 செகண்டும் 20 ஆயிடும். இதுல எதை விட்டுக்குடுப்பீங்க? நான் அந்த 40 செகண்டை விடமாட்டேன்.

இதுல டிசைன் ரீதியா ரெண்டு எதிர் எதிர் உதாரணம் இருக்கு. 1893 சிகாகோ கண்காட்சியில ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டின முதல் பெரிய வீல். 264 அடி, 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர், மொத்தம் 2160 பேர். டிக்கெட் 50 சென்ட், 20 நிமிஷத்துல ரெண்டு சுத்து. முதல் சுத்து நின்னு நின்னு ஆள் ஏத்த, ரெண்டாவது நிக்காம. நம்ம திருவிழா வீல் செய்யறதும் அடிப்படையில இதேதான். இன்னொரு பக்கம் லண்டன் ஐ. 32 கூண்டு, கூண்டுக்கு 25 பேர், சுமார் அரை மணி நேர ஓட்டம். அது பொதுவா ஆள் ஏத்த நிக்கவே நிக்காது, மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கும்போது நடந்து ஏறிக்கணும். எஞ்சினியரா எனக்கு ரெண்டாவதுதான் அழகு. ஆனா அதுல யாரும் உச்சியில நின்னு காலைத் தொங்கப் போட முடியாது.

சீக்கிரம் ஏத்துங்கன்னு அவசரப்படுத்தாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கவனிச்சிருக்கீங்களா, சில நேரம் அவர் அடுத்த பெட்டியை விட்டுட்டு, வீலைப் பாதி சுத்தி எதிர்ப்பக்கப் பெட்டியைக் கீழ கொண்டு வருவார். லைன்ல நிக்கிறவங்க "என்னண்ணே இது"ன்னு கத்துவாங்க. ஒரே பக்கம் ஆள் நிறைஞ்சா வீல் அந்தப் பக்கம் இழுக்கும், மோட்டாருக்கும் பிரேக்குக்கும் சுமை. எதிர் எதிரா ஏத்துறது எடையைச் சமன் பண்றதுக்கு. இதை நான் கேட்டப்போ அவர் சொன்னது, "தம்பி, தராசு மாதிரிதான். கண்ணாலயே பாத்துக்குவேன்." லோட் பேலன்சிங்னு நாங்க மீட்டிங் போட்டுப் பேசறதை மனுஷன் கண்ணாலயே பண்றார்.

சரி, திருவிழா ஓகே. தீம் பார்க்ல இதே கேள்வி வந்தா?

அங்க என் பதில் அவ்வளவு சுலபமா வராது. போன வருஷம் எங்க பெரியம்மா, அவங்க பேரப் பசங்க, நான், எல்லாரும் வேற மாநிலத்துல ஒரு பார்க்குக்குப் போனோம். பேர் வேண்டாம். ராஜபாளையத்துல இருந்து ராத்திரி வேன் ஏறிப் போனது. பெரியம்மா நூல் மில்லுல ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அதுக்கு மேல ஒரு நாள் எடுத்தா சம்பளம் பிடிச்சுடுவாங்க. பசங்களுக்காக வருஷத்துல ஒரு தடவை அதைச் செய்வாங்க.

அந்தப் பார்க்ல ரெண்டு லைன். சாதா டிக்கெட்டுக்கு ஒண்ணு, கூடுதல் காசு குடுத்தவங்களுக்கு ஒண்ணு. ரைட்ல இருக்கிற சீட்டு மட்டும் கூடல, அதே சீட்டுதான். 10 சீட்ல 4 சீட்டை அந்த லைனுக்குக் குடுத்தா, சாதா லைன் பத்துல ஆறு பங்கு வேகத்துலதான் நகரும். நமக்கு முன்னாடி அதே ஆட்கள் நிக்கறதா வச்சுக்கிட்டா 30 நிமிஷம் 50 நிமிஷமாகும். காலையில 11-ல இருந்து சாயந்திரம் 6 வரைக்கும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, 6 மணி நேரம். ரைடுக்கும் நடக்கறதுக்கும் 10 நிமிஷம் சேர்த்தா 9 ரைட் போக வேண்டியவங்க 6 ரைட்தான் போவாங்க. அந்த 3 ரைட் காத்துல கரைஞ்சு போகல, வேற ஒருத்தருக்கு விக்கப்பட்டுடுச்சு.

டிஸ்னி இதை 1999-ல ஃபாஸ்ட்பாஸ்னு இலவசமாத்தான் ஆரம்பிச்சது. 2021-ல அதை நிறுத்திட்டு காசு கட்டற முறைக்கு மாத்தினாங்க. இப்போ உலகம் முழுக்க பார்க்குகள்ல இது சாதாரணம்.

பெரியம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. ஜெயன்ட் வீல் லைன்ல நிக்கும்போது, பக்கத்து லைன்ல ஒரு குடும்பம் நேரா நடந்து போச்சு. "காசு குடுத்தவன் போயிட்டுப் போறான்ப்பா. எதுக்கு நம்ம பசங்க கண்ணு முன்னாடியே கூட்டிட்டுப் போகணும்?"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. எனக்கும் அவங்களுக்கும் அந்த லைன்ல 50 நிமிஷம்தான் போச்சு. ஆனா எனக்கு அடுத்த மாசமே இன்னொரு லாங் வீக்கெண்ட் வரும்.

டேவிட் மெய்ஸ்டர்னு ஒருத்தர் 1985-ல காத்திருக்கிறதோட மனவியல் பத்தி எழுதினார். நியாயமில்லாத காத்திருப்பு நீளமாத் தெரியும், எவ்வளவு நேரம்னு தெரியாத காத்திருப்பும் நீளமாத் தெரியும்னு சொல்றார். திருவிழா லைன்ல வீல் கண்ணு முன்னாடியே சுத்துது, யார் இறங்குறாங்க, யார் ஏறுறாங்க எல்லாம் தெரியும். அங்கயும் தெரிஞ்சவங்க பின்பக்கமா ஏறுறது நடக்கும், மறைக்கல. ஆனா நடந்தா நாலு பேர் சத்தம் போடுவாங்க, அவர் கொஞ்சம் நெளிவார். பார்க்ல சத்தம் போட முடியாது, அவர் கையில பில் இருக்கு.

அதனால பார்க்குக்கு என் ரூல் இது. ஜெயன்ட் வீலுக்கு 30 நிமிஷத்துக்கு மேல லைன்னா, அதை மதியம் தொடாதீங்க, சாயந்திரம் கடைசிக்கு வைங்க. பெரிய ரைடுகளை கேட் திறந்த முதல் ஒரு மணி நேரத்துல முடிச்சிடுங்க. காசு இருக்கிறவங்க ஃபாஸ்ட் டிக்கெட் வாங்காதீங்கன்னு நான் பாடம் எடுக்க வரல. குடும்பத்தோட போகும்போது மட்டும், கூட வர்றவங்களுக்கு அந்த நாள் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருதுன்னு பார்த்துட்டு, எல்லாருக்கும் சேர்த்து வாங்குங்க, இல்ல யாருக்கும் வாங்காதீங்க.

இப்போ வாய்ஸ் நோட் அனுப்பின ப்ரோவுக்கு. தேரன்னைக்கு ராத்திரி போகாதீங்க. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, சுத்துப்பட்டி மொத்தமும் அங்கதான் இருக்கும். ரெண்டு நாள் முன்னாடி போங்க. சூரியன் மலைக்குப் பின்னாடி போற நேரத்துக்கு மேல இருக்கணும்னா, லைனைப் பார்த்து மேல சொன்ன கணக்கைப் போட்டு அதுக்கேத்த மாதிரி முன்னாடியே நில்லுங்க. ஏறினதும் கம்பி பூட்டியிருக்கான்னு நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்க. சின்னக் குழந்தையை மடியில வச்சு ஏத்தலாம்னு யார் சொன்னாலும் ஏத்தாதீங்க.

அப்புறம் ஆடிக்காத்து. நம்ம பக்கம் மலையில இருந்து இறங்குற காத்து எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். காத்து ஏறும்போது பெட்டி தானா ஆடும். அப்போ ராட்டினக்கார அண்ணன் நிறுத்திட்டார்னா, 50 நிமிஷம் நின்னாச்சேன்னு அவர்கூட சண்டைக்குப் போகாம டிக்கெட் காசைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. காத்து அடிச்சும் அவர் நிறுத்தலைன்னா, நீங்களா லைனை விட்டு வெளிய வந்துடுங்க. 2025 மே மாசம் சென்னை ஈசிஆர்ல ஒரு பார்க்ல ரைட் மேலயே நின்னுபோய், தீயணைப்புத் துறை கிரேன் வச்சு ஆட்களை இறக்கினாங்க. அது பார்க், கிரேன் வர்றதுக்கு ரோடு இருந்துச்சு. திருவிழா கூட்டத்துக்குள்ள கிரேன் எப்படி நுழையும்னு யோசிச்சுக்கோங்க.

உங்க ஊர் ராட்டினத்துல ஒரு பெட்டிக்கு எத்தனை செகண்ட் ஆகுதுன்னு டைமர் வச்சுப் பார்த்து எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெட்டி எத்தனை, பெட்டிக்கு எத்தனை பேர், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.