குறை ஆளிடமா? ஏற்பாட்டிலா?



"இவன் சோம்பேறி." "அவளுக்குப் பொறுப்பே இல்லை." வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட பேச்சு அடிக்கடி காதில் விழும். சொல்வது எளிது. ஆனால் அது எப்போதும் உண்மையா? குஜராத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

ஆமதாபாத் நகரம் துணி ஆலைகளுக்குப் பேர் போனது. அங்கே காலிகோ மில் என்று ஒரு பெரிய ஆலை இருந்தது. அதில் தானியங்கித் தறிகளைப் போட்டார்கள். தாரில் நூல் தீர்ந்தால் தறியே அடுத்த தாரை எடுத்துக்கொள்ளும். இனித் துணி நிறைய வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் வரவில்லை. சேதமும் குறையவில்லை.

1953-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து ஏ. கே. ரைஸ் என்ற ஆய்வாளர் அங்கே வந்தார். தறிக்கூடத்தில் வேலை நடப்பதைக் கவனித்தார்.

அங்கே 224 தறிகள் இருந்தன. வேலையைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். நெய்வதற்கு ஒருவர். தார்களை நிரப்பி வைக்க ஒருவர். அறுந்த இழைகளை முடிய ஒருவர். எண்ணெய் விட, துணி சுமக்க, கூட்டித் தள்ள என்று தனித்தனி ஆட்கள். ஒருவர் பார்க்கும் தறிகளின் எண்ணிக்கை வேறு. மற்றவர் பார்க்கும் எண்ணிக்கை வேறு. இழை முடிபவர் ஒருவரே பல நெசவாளர்களுக்கு வேலை செய்ய வேண்டும். அவர் இங்கே இருந்தால் அங்கே தறி நிற்கும். இன்னார் இன்னாரோடு சேர்ந்தவர் என்பதே இல்லை. பிறகு ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்பார்கள்?

ரைஸ் ஒரு யோசனை சொன்னார். ஏழு பேர் கொண்ட ஒரு குழு. அந்தக் குழுவின் பொறுப்பில் 64 தறிகள். எல்லா வேலையையும் அந்த ஏழு பேரே பகிர்ந்து செய்ய வேண்டும்.

தொழிலாளர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேர்வது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். இவை எங்கள் தறிகள் என்ற எண்ணம் வந்தது. ஒருவருக்கு ஒருவர் கை கொடுத்தார்கள். சில மாதங்களில் துணி கூடியது. சேதம் குறைந்தது.

தறி அதேதான். மாறியது ஏற்பாடு மட்டுமே!

1970-ஆம் ஆண்டு மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். ஒரு கூடத்தில் குழு முறை நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து போயிருந்தது. நல்ல ஏற்பாட்டையும் பேணிக் காக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது. அந்த ஆலை இப்போது இல்லை. அது தந்த பாடம் இருக்கிறது.

நடவு வயலிலும் கட்டட வேலையிலும் இதே கதைதான். செங்கல் வரவில்லை என்றால் கொத்தனார் சும்மா நிற்பார். அவரைச் சோம்பேறி என்று திட்டினால் சுவர் எழும்புமா?

ஒருவரைக் குறை சொல்லும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அவர் வேலை யாரை நம்பி இருக்கிறது?

அந்த ஆள் அவருக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கிறாரா?

வேலையைப் பிரித்தபோது அவரைக் கேட்டார்களா?

விடை தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.