ஆந்தைக் குரலும் நாற்பது வேலியும்

(மேற்குத் தாம்பரத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுசாகத் திருத்தவில்லை.)



காவியங்கள், மாயக்கதைகள், சரித்திர நாவல்கள், இதுல வர்ற வில்லன்களைப் பார்த்தா நமக்கு உண்மையிலேயே பயம் வருதா, அவன் செய்றது நம்புற மாதிரி இருக்கா - இதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. கவிதை எழுதுறவனுக்கு வில்லன் தேவைப்படறதில்ல. ஆனா பயம் தெரியும். அதனால பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மதுராந்தகம் பக்கத்துல என் அத்தை ஊர். சின்ன வயசுல பாரதக் கூத்து பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. எங்க ஆளுங்க ஓரமாத்தான் உட்காரணும். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் வரும், சலங்கை அதிரும், அப்புறம் திரை விலகிக் கிரீடமும் புஜகீர்த்தியுமா ஆள் குதிப்பார். நான் அத்தை மடியில முகத்தைப் புதைச்சுக்குவேன். மறுநாள் காலையில அத்தை என்னை டீ வாங்கி வர அனுப்பினாங்க. கடைக்காரர் நல்ல மனுஷன், சிரிச்ச முகம். "கண்ணு, உங்க கிளாசு அங்க கூரையில சொருகியிருக்கு பாரு, கழுவி எடுத்தா"ன்னார். அவர் கத்தல. கிரீடம் இல்ல. கண்ணுன்னுதான் கூப்பிட்டார். துரியோதனன் மேல இருந்த பயம் எனக்குப் பத்து வயசுலயே போயிடுச்சு. அந்தக் 'கண்ணு' இன்னும் போகல.

நம் புராணங்களின் அசுரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பயமுறுத்துவதற்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்ல, சாவதற்காகப் படைக்கப்பட்டவர்கள். இரணியன் கடுந்தவம் செய்து வரம் வாங்குகிறான்: பகலிலும் சாகக்கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. வரம் வாங்கும்போதே ஓட்டையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறான். அந்தி நேரமும் வாசற்படியும் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. கேட்பவருக்கு முடிவு தெரியும், ஆகவே அச்சமில்லை. இருப்பது வேடிக்கை மட்டும்தான்.

திராவிட இயக்கம் இதைத் தலைகீழாகப் புரட்டியது. பாரதிதாசன் 1934இல் இரணியனை இணையற்ற வீரனாக்கி நாடகம் எழுதினார். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு மன்னன் இறங்கிய சிம்மாசனத்தில் இன்னொரு மன்னன் ஏறினான், அவ்வளவுதான். இலங்கையில் சேரி எங்கே இருந்தது என்று அந்தக் காவியத்தையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்ப சினிமாவுக்கு வர்றேன். 2015இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்கள் ஞாபகம் இருக்கா? கருப்பு நிறம், கறைபடிந்த பல், யாருக்கும் புரியாத மொழி. அந்த மொழியைத் தனியாக உருவாக்கினார்கள், 'கிளிக்கி' என்று பேர் வைத்தார்கள். மொழி கொடுத்தார்கள், ஊர் கொடுக்கவில்லை. அவர்களுக்கு வீடு இல்லை, பிள்ளை இல்லை, அடுப்பு இல்லை. எதற்காகப் படையெடுத்து வருகிறார்கள் என்பதுகூடக் கதைக்கு முக்கியமில்லை. அந்தப் படத்தின் தமிழ் வசனத்திலேயே அருந்ததியர் சாதிப்பெயர் ஒன்று வசவாக வந்து, எதிர்ப்புக் கிளம்பியது. தற்செயல் என்றார்கள். இருக்கலாம். ஆனால் கருப்பாக, மொழி புரியாமல், கூட்டமாக வருபவன் எதிரி என்று ஒரு கதை தீர்மானித்துவிட்டால், அதன் வசவுகளும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். வெள்ளைக்காரனும் இதற்கு விலக்கில்லை. டோல்கீன் எழுதிய 'மோதிரங்களின் தலைவன்' 1954இல் வெளிவரத் தொடங்கியது. அதில் ஓர்க்குகளை எத்தனை ஆயிரம் வெட்டினாலும் யாரும் அழுவதில்லை.

அதே 1954இல் தமிழில் ஒரு தொடர்கதை முடிந்தது. 1950இல் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 2022லும் 2023லும் படமாகவும் வந்துவிட்டதால் கதையைச் சொல்லவேண்டியதில்லை. ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சதி செய்கிறவர்களில் முக்கியமானவன் ரவிதாசன். நாவலில் அவன் யார்? மந்திரவாதி. ஆந்தைபோலக் குரல் கொடுத்து வந்ததைத் தெரிவிப்பவன். நள்ளிரவில் திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில் கூட்டம் போடுகிறவன். அவனுடைய கூட்டாளி பரமேசுவரன் 'தேவராளன்' என்ற பெயரில் சாமி வந்து வெறியாடுகிறான்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. கரிகால் சோழனைக் கொன்ற துரோகிகளின் நிலபுலன்களையும் அவர்கள் உறவினர்களின் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன ஆணை. அதில் வரும் பெயர்கள்: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன் என்பது சோழ அரசில் பிராமண அதிகாரிகள் பெற்ற பட்டம். அதாவது இவர்கள் காட்டில் ஆந்தை போல் கத்திக்கொண்டிருந்தவர்கள் அல்ல. பட்டம் வாங்கி, பிரம்மதேயத்தில் நிலம் வைத்திருந்து, அரண்மனை வாசலில் யாரும் தடுக்காமல் உள்ளே போய்வந்தவர்கள்.

பெயர்களைக் கல்கி கல்வெட்டிலிருந்துதான் எடுத்தார், மறைக்கவில்லை. கொலைக்குக் காரணம் பாண்டியப் பழியா, சோழ வாரிசுச் சண்டையா என்பதில் வரலாற்றாய்வாளர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். அதில் நான் போகல. எனக்கு வேறு கேள்வி. அரசனுக்குப் பக்கத்தில் நின்று, கணக்கு ஓலையைப் படித்துக்காட்டிவிட்டு, வெளியே போய்க் கொலைக்கு நாள் குறிக்கிற ஒரு அதிகாரி எவ்வளவு பயங்கரமான வில்லன்! அவனை விட்டுவிட்டு அச்சத்தைத் தூக்கி மந்திரவாதி மேலேயும் சாமியாடி மேலேயும் ஏன் வைக்கவேண்டும்? குறிசொல்றவன், சாமியாடுறவன், ராத்திரி சுடுகாட்டுப் பக்கம் நடமாடுறவன், இவனெல்லாம் ஊர்க் கண்ணுக்கு ஏற்கெனவே சந்தேகத்துக்குரியவன். வாசகர்களை நம்பவைக்கப் புதுசா எதுவும் எழுத வேண்டாம், சாதிச் சமூகம் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கு.

நந்தினி அப்படியில்லை. அந்த நாவலில் நிஜமாகவே பயம் தருகிறவள் அவள் ஒருத்திதான். ஏனென்றால் அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இன்னார் மகள் என்று சொல்லமுடியாதவள் என்பதற்காக அரண்மனை அவளைத் தள்ளி வைத்தது. அந்தத் தள்ளி வைத்தலை வில்லத்தனம் என்று நாவல் சொல்வதில்லை, விதி என்கிறது.

இனி நந்தன். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார் கதையில் வில்லனே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில் வாத்தியங்களுக்குத் தோல் கொடுத்தவர், தில்லைக்கு நாளைப் போவேன் நாளைப் போவேன் என்கிறார். கடைசியில் போகிறார். யாரும் தடியெடுத்து விரட்டவில்லை. கனவில் சிவன் வந்து தீயில் மூழ்கி வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வந்து தீ மூட்டச் சொல்கிறார். அவர்கள் பயபக்தியோடு மூட்டுகிறார்கள். நந்தனார் உள்ளே போய், பூணூல் போட்ட முனிவராக வெளியே வருகிறார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் கும்பிடுகிறார்கள். நடுவில் நெருப்பு மட்டும் இருக்கிறது. இதைவிடக் குலைநடுங்க வைக்கிற காட்சி எந்த மாயக்கதையிலும் நான் படித்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதே கதையைக் கீர்த்தனையாக்கினபோது சேக்கிழாரிடம் இல்லாத ஒரு ஆளைச் சேர்த்தார். நிலக்கார வேதியர். நம் இலக்கியத்தின் மிக நம்பத்தகுந்த வில்லன் அவர்தான் என்று நான் சொல்வேன். அதட்டுகிறார், திட்டுகிறார், அது பெரிசில்ல. கடைசியில் அவர் 'போகாதே' என்று சொல்வதில்லை. தாராளமாகப் போ என்கிறார். நாற்பது வேலிப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். வேலி என்றால் ஆறே முக்கால் ஏக்கர் அளவுக்கு வரும், நாற்பதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். மறுப்பு இல்லை, நிபந்தனைதான். இதைப் பாரதியார் எங்கிருந்து எடுத்தார்? தஞ்சாவூர்ப் பண்ணைகளைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நிஜமான ஆளை உருவாக்கிவிட்டு என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஒரே ராத்திரியில் தெய்வ அருளால் வயல் விளைந்துவிடுகிறது, வேதியர் திருந்தி நந்தன் காலில் விழுகிறார். 1935லும் 1942லும் வந்த நந்தனார் படங்களில் ஜனங்கள் அதைப் பார்த்து உருகினார்கள். வேதியர் திருந்தினார், சரி. நாற்பது வேலி யார் பேரில் இருந்தது? அதை யாரும் பாடவில்லை.

நம்ம பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கணும். நாம எழுதுற கதையில வர்ற பண்ணையாரு எப்படி இருக்கார்? மீசை முறுக்கு, வெத்தலைச் சாறு, சவுக்கு, உருட்டு விழி. அவரும் ஒரு காலகேயன்தான் தோழர்களே. அவரைப் படிக்கிற ஆதிக்கசாதி வாசகன் "நான் இப்படி இல்லையப்பா"ன்னு நிம்மதியாப் பக்கத்தைத் திருப்பிடுறான். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது அதில் ஒரு கிழவர். ஆணவக் கொலைகளைக் குலதெய்வத்துக்குச் செய்யும் காரியமாக நினைத்து, சத்தமில்லாமல், விபத்து மாதிரி செய்துவிட்டுப் போகிறவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் எழுந்து இடம் கொடுப்போம். அந்தக் கிழவரைப் பார்த்துவிட்டு யாரும் "நான் இப்படி இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆபத்து மறுபக்கமும் உண்டு. அதே இயக்குநரின் 'மாமன்ன'னில் (2023) ரத்னவேலு பாத்திரம் அவ்வளவு வலுவாக அமைந்ததால், சாதிப் பெருமிதக்காரர்கள் அவனை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, தங்கள் நாயகனாக்கிக்கொண்டார்கள். நம்பும்படி எழுதினால் நேசிக்கவும் செய்வார்கள். இதுக்கு என்னிடம் பதில் இல்லை, யாராவது பேசுங்கள்.

ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு கிளையில் வேலை பார்த்தபோது பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், துப்புரவுப் பணியாளர். பையனுக்கு 3 லட்சம் கல்விக்கடன். 4 லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது என்பது அப்போதைய விதி. எங்கள் அதிகாரி முடியாது என்று சொல்லவில்லை. உட்காரச் சொன்னார், பையன் மார்க்கைப் பார்த்துப் பாராட்டினார், அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அடுத்த முறை வேறொரு சான்றிதழ். அதற்கடுத்த முறை பழைய சான்றிதழுக்குத் தேதி போய்விட்டது. அந்தப் பட்டியல்களையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். விதி எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை, அப்போது நான் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்.

நாலாவது தடவை அதிகாரி சீட்டில் இல்லை. அந்த அம்மா என் கவுன்டருக்கு வந்தார். "இன்னும் எத்தினி தடவை சார் வரணும்?"னு கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கல.

"பண்ணிடலாம்மா, நாளைக்கு வாங்க"ன்னு சொன்னேன். சிரிச்ச முகமாத்தான் சொன்னேன்.