போதும் என்று யார் சொல்வது?

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியரே, பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

'இருப்பதை வைத்துத் திருப்தியாக வாழுங்கள்' என்று இளைஞர்களுக்குச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏசி காரில் வந்து இறங்குகிறவர்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

எளிய வாழ்க்கை என்றாலே நிம்மதி என்று யார் சொன்னது? செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். விலை இல்லாத நாளில் வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். மழை படக் கூடாது, காற்று புகுந்து வர வேண்டும். அழுகல் வாடை வருகிறதா என்று அப்பா மோந்து பார்ப்பார். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் விலை ஏறுமா, அதற்குள் முளைவிட்டுவிடுமா என்ற கணக்கிலேயே ராத்திரித் தூக்கம் போகும். அவரிடம் போய், 'உங்களுக்கென்ன, நிம்மதியான வாழ்க்கை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ தாராளமாகப் போங்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள் பஸ் ஏறுவது பேராசை ஆகாது.

ஆனால் எங்கே நிறுத்துவது? இருப்புக்கொள்ளாத ஒரு மனிதர் நம் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். ராஜேந்திர சோழன். அப்பா ஆண்ட தஞ்சாவூர் அவருக்குப் போதவில்லை. படை கங்கை வரை போனது. 1025-இல் கடல் தாண்டிக் கடாரம் போனது. தலைநகரையே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினார். சுமார் 250 ஆண்டுகள் அது தலைநகராக இருந்தது. இன்று ஜெயங்கொண்டம் தாண்டிப் போய்ப் பாருங்கள்: அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். கடாரத்தில் நமக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை.

அங்கே அவர் கட்டிய கோயில் நிற்கிறது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் விமானம் அப்பா கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம் குறைவு. அப்பாவைவிடப் பெரிய ராஜ்ஜியம் ஆண்டவருக்குக் கல்லுக்கும் ஆளுக்கும் பஞ்சமா? ஓர் இடத்தில் மட்டும் 'இது போதும்' என்று நிறுத்திக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வரலாற்றுத் துறையினர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கங்கை வெற்றிக்கு அடையாளமாக அவர் வெட்டியது சோழகங்கம் ஏரி. நாம் பொன்னேரி என்கிறோம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. பிறகு 1836-இல் கீழணை கட்டும்போது கோயில் மதில் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அந்தக் கீழணைத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் போய்ச் சென்னைக் குழாயில் வருகிறது. நாளை நீங்கள் அங்கே அறை எடுத்துத் தங்கினால் அதையும்தான் குடிப்பீர்கள்.

உங்கள் 'போதும்' எது என்று நீங்களே சொல்லுங்கள். முதல் சம்பளம் வந்ததும், கூடப் படித்தவன் எவ்வளவு வாங்குகிறான் என்று விசாரிப்பதற்கு முன்னால், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தொகையை எழுதுங்கள். அடைக்க வேண்டிய கடன், தங்கையின் படிப்பு, கிணற்றை ஆழப்படுத்தும் செலவு எல்லாம் அதில் வரட்டும். அந்தத் தொகை சேரும்வரை ஓடுங்கள். சேர்ந்த பிறகு வருகிற முதல் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, உங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். தூர்ந்திருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.