டை பின்னையும் விட்டு வைக்காத மனிதர்

இந்த உரையை போனில்தான் படிச்சுக்கிட்டு இருப்பீங்க. அதே போனில் வாரத்துக்கு ஒரு முறையாவது "அவசர சிகிச்சை, உதவுங்கள்" என்று ஒரு செய்தி வந்திருக்கும். பாதிப் பேர் அப்படியே ஃபார்வர்ட் பண்றோம். சிலர் நூறு, இருநூறு அனுப்புறோம். அந்தப் பணம் எங்கே போய் நிற்குதுன்னு யாரும் கேட்கிறதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் ஒரு பழைய கதையைச் சொல்றேன்.

ஜம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் டோராப்ஜி. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையை நிறுத்திக் காட்டியவர். 1924-ல் அந்த ஆலையில் சம்பளம் போடக்கூடப் பணம் இல்லை. தன் சொந்தச் சொத்தையும் மனைவி மெஹர்பாயின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் அடமானம் வெச்சார். அதில் 245 காரட் ஜூபிலி வைரமும் இருந்தது. கோஹினூரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ஆலை பிழைத்தது, நகையும் திரும்பி வந்தது.

1931-ல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அவ்வளவு வசதி இருந்தும் அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அடுத்த வருஷமே டோராப்ஜி மனைவி பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு, உலகத்தில் எந்த நாட்டில் நடந்தாலும் சரி, ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. மீதி ஒரு பங்கு இந்தியாவில் நடக்கும் ஆராய்ச்சிக்கு. தன் சொத்து முழுவதையும், முத்துப் பதித்த டை பின் உட்பட, இன்னொரு அறக்கட்டளைக்கு எழுதி வெச்சார். ஊர், நாடு, மதம் எதையும் பார்க்கக் கூடாது என்பது அதன் விதி. 1932 ஜூனில் ஜெர்மனியில் காலமானார். அந்த வைரமும் பிறகு விற்கப்பட்டு, பணம் அறக்கட்டளைக்கே போனது.

அந்தப் பணத்தில்தான் 1941-ல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. கொடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் சேர்த்த கலைப் பொருட்களும் மும்பை அருங்காட்சியகத்துக்குப் போயின. டிக்கெட் எடுத்து யாரும் பார்க்கலாம். எனக்கு இதில் பெரிசாத் தெரியறது வைரம் இல்லை, அந்த விதிதான். கொடுத்தவர் போன பிறகும் பணத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

"அவர் கோடீஸ்வரர், நாம என்ன?" என்பீங்க. நம்ம ஊருக்கு வாங்க. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரிடம் வைரம் இல்லை. ஊர் மக்களிடம் நன்கொடை கேட்டுத்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சின்னச் சின்னத் தொகையும் அதில் சேர்ந்தது.

அதனால், அடுத்த முறை செய்தி வந்தால் கொஞ்சம் நிதானிங்க. பின் நம்பர் போடுறதுக்கு முன்னால் திரையில் வர்ற பெயரைப் பாருங்க. மருத்துவமனை பெயரா, அறக்கட்டளை பெயரா, இல்லை யாரோ ஒரு தனி ஆளா? செய்தியில் இருக்கும் நம்பரை விட்டுட்டு, மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி எடுத்து அந்த நோயாளி அங்கே இருக்காரான்னு விசாரிங்க. பதிவு எண், பான் எண் போட்ட ரசீது கேளுங்க. கேட்டா கோபப்படுறவங்களுக்கு அனுப்ப வேண்டாம்.

நிஜமாவே ஒரு குடும்பம் தவிக்குதுன்னு தெரிஞ்சா, பணத்தோடு ஒரு கேள்வியும் அனுப்புங்க: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கா? தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தெரியலைன்னா 104-ஐக் கூப்பிடச் சொல்லுங்க. அட்டை இருந்தும் வட்டிக்குக் கடன் வாங்கினவங்க நிறையப் பேர் இருக்காங்க.